பயாலஜி பட்டம் முடிகிறது: ஹானர்ஸ் ஆண்டா, மாஸ்டர்ஸா, நேரே வேலையா?

ஆஸ்திரேலியாவில் மூன்றாண்டு பி.எஸ்சி. படிப்பின் கடைசி செமஸ்டர் வந்ததும் பயாலஜி மாணவர்கள் பலரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். இன்னொரு வருஷம் போட்டு ஹானர்ஸ் செய்யலாமா, மாஸ்டர்ஸுக்குப் போகலாமா, வேலை தேடலாமா? மெல்பனிலும் சிட்னியிலும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் இதே குழப்பம்தான், சென்னையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்து படிப்பவர்களுக்கும் இதே குழப்பம்தான். வீட்டில் கேட்கும் கேள்வி இன்னும் நேரடியானது: "பட்டம்தான் வாங்கியாச்சே, அப்புறம் எதுக்கு இன்னொரு வருஷம்?"

நியாயமான கேள்விதான். ஆஸ்திரேலியத் தகுதிநிலை வரிசையில் சாதாரண இளநிலைப் பட்டம் 7ஆம் படி, ஹானர்ஸ் 8, மாஸ்டர்ஸ் 9, பிஎச்டி 10. ஹானர்ஸ் என்பது பட்டத்துக்குப் பிறகு தனியாகச் சேர்ந்து படிக்கும் ஓராண்டு. அதில் பெரும்பகுதி, பல இடங்களில் முக்கால் பங்கு மதிப்பெண், ஒரே ஒரு ஆய்வுக்குத்தான். மீதி கொஞ்சம் வகுப்பு, ஒன்றிரண்டு செமினார், கடைசியில் ஒரு ஆய்வேடு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆராய்ச்சி தனக்கு ஒத்துவருமா என்று பார்க்க விரும்புகிறவருக்கும், பிஎச்டி என்று முடிவே செய்துவிட்டவருக்கும் இதைவிட மலிவான, குறுகிய வழி இந்த நாட்டில் இல்லை. வேறு காரணங்களுக்காக இதில் சேர்கிறவர்கள் பாதியில் வாடிப்போவதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

பேராசிரியர்கள் "ஆர்வம் இருக்கிறதா" என்று கேட்பார்கள். மூன்றாம் ஆண்டில் எல்லாருக்கும் ஆர்வம் இருக்கும், அதை வைத்து முடிவெடுக்க முடியாது. நான் பார்ப்பது இவற்றை:

- முடித்த பிறகு எந்தக் கதவு திறக்கும், எந்தக் கதவுக்கு இது தேவையே இல்லை.
- கட்டணம், கூடவே அந்த வருஷத்தில் சம்பாதிக்காமல் விட்ட பணம்.
- ஆய்வு கைகொடுக்காவிட்டால் கையில் என்ன மிஞ்சும்.
- விசாவில் படிப்பவரானால், அந்த விதிகள்.
- யாரிடம் வேலை செய்யப்போகிறோம். இதைக் கடைசியில் சொன்னாலும் இதுதான் முதல். தனியாகவே பேசுவோம்.

## ஹானர்ஸ் ஆண்டு

முதலில் அந்த வருஷம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். பிப்ரவரியில் தொடக்கம். ஒன்றிரண்டு மாதத்தில் இலக்கிய மதிப்பாய்வும் (அந்தத் தலைப்பில் ஏற்கெனவே வந்த ஆய்வுகளின் அலசல்) ஆய்வுத் திட்டமும் எழுதிக் கொடுத்து, துறைக்கு முன்னால் நின்று பேச வேண்டும். அதன் பிறகு லேப் அல்லது களம். அக்டோபர் கடைசியிலோ நவம்பர் தொடக்கத்திலோ ஆய்வேடு. கணக்குப் போட்டால், உண்மையில் தரவு சேகரிக்கக் கிடைப்பது ஐந்தாறு மாதம்தான்.

அந்த ஐந்தாறு மாதத்தில் என்ன நடக்கும்? ஜூன் மாதத்து லேப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு மாணவி ஒரு ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது என்று கியூபிசிஆரில் (டிஎன்ஏவைப் பெருக்கி அளக்கும் முறை) அளக்கிறார். 96 குழித் தட்டு. முடிவு திரையில் வருகிறது: எல்லாக் குழியிலும் சிக்னல். மாதிரி எதுவும் போடாமல் தண்ணீர் மட்டும் விட்ட குழியிலும் சிக்னல். அப்படியென்றால் எங்கோ மாசு கலந்திருக்கிறது, அதுவரை அளந்த எதையும் நம்ப முடியாது. பிரைமரை (அந்த ஜீனைத் தேடிப் பிடிக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) புதிதாகக் கரைக்கிறார், ஓட்டுகிறார், போகவில்லை. தண்ணீரை மாற்றுகிறார், போகவில்லை. திரவத்தை அளந்து விடும் பிப்பெட்டைப் பிரித்துத் துடைக்கிறார். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் எது காரணம் என்று தெரியாமலே போய்விடும் என்பதால் ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும். இரண்டு வாரம் இதிலேயே போகும்.

இளநிலைப் படிப்பின் பிராக்டிகலில் இது ஒருநாளும் நடக்காது. அங்கே சோதனை சரியாக வரும் என்று யாரோ முன்னாடியே ஓட்டிப் பார்த்து வைத்திருப்பார்கள். வராத சோதனையை ஏன் வரவில்லை என்று துருவும் பொறுமை ஹானர்ஸில்தான் முதல்முறை சோதிக்கப்படுகிறது. அந்த இரண்டு வாரத்தில் எரிச்சலோடு கூடவே ஒரு துப்பறியும் உற்சாகமும் வந்தால், நீங்கள் ஆராய்ச்சிக்காரர். எரிச்சல் மட்டும் வந்தால் அதுவும் நல்ல தகவல். பிஎச்டி மூன்றாம் வருஷத்தில் தெரிந்துகொள்வதைவிட இப்போதே தெரிவது எவ்வளவோ மேல்.

இதோடு வேறு சிலவும் கைக்கு வரும்: ஆர் என்கிற கணினி மொழியில் புள்ளிவிவரப் பகுப்பாய்வு, பதினைந்தாயிரம் சொல்லுக்கு ஒரு வாதத்தைக் கட்டி நிறுத்துவது, எதிர்க்கேள்விக்கு நின்று பதில் சொல்வது. வேலை விண்ணப்பத்தில் இவற்றைக் காட்ட முடியும். மூன்றாண்டுப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு காட்டுவது கஷ்டம்.

பணம். குடிமக்களுக்கும் பெரும்பாலான நிரந்தரவாசிகளுக்கும் ஹானர்ஸில் அரசு உதவி இடம், அதாவது கட்டணத்தில் ஒரு பங்கை அரசே ஏற்கும் இடம், கிடைக்கும். அறிவியலுக்கு 2025இல் மாணவர் பங்கு ஏறக்குறைய 9,300 டாலர். குடிமக்கள் இதை ஹெக்ஸ் என்கிற அரசின் மாணவர் கடனில் போட்டுவிடலாம். நிரந்தரவாசிகளில் பெரும்பாலோர் முன்பணமாகவே கட்ட வேண்டும், இதைப் பலர் கடைசி நேரத்தில்தான் கவனிக்கிறார்கள். ஹெக்ஸ் கடனைத் திருப்பிக் கட்ட வேண்டியது 2025-26 கணக்குப்படி ஆண்டு வருமானம் 67,000 டாலரைத் தாண்டினால்தான். ஆகவே கட்டணத்தைவிடக் கனமானது இழந்த சம்பளம். லேப் வேலை வாரநாள் முழுக்க இழுக்கும், செல் வளர்ப்பு என்றால் ஞாயிற்றுக்கிழமையும் போய் செல்களின் ஊட்டத் திரவத்தை மாற்றிவிட்டு வர வேண்டும். பகுதிநேர வேலையை நம்பி வாடகை கட்டுபவர்கள் இதை முன்பே யோசிக்க வேண்டும்.

பருவம். இது யாரும் சொல்லாத செலவு. காலண்டரும் உயிரினமும் ஒத்துப்போகாது. கிரேட் பேரியர் ரீஃபில் பவளங்கள் கூட்டமாக முட்டையிடுவது வருஷத்தில் ஒருமுறை, இங்கே நவம்பர் வாக்கில் வரும் வசந்தத்தின் பிற்பகுதியில் முழுநிலவை அடுத்த சில இரவுகளில். 1980களின் தொடக்கத்தில் இதை முதலில் விவரித்தவர்களே ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர்கள்தான். பிப்ரவரியில் ஹானர்ஸ் தொடங்கியவருக்கு அந்த இரவுகள் வரும்போது ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வெளியே வர வேண்டிய நேரம். தெற்கே வசந்தத்தில் பூக்கும் செடிகளின் மகரந்தச் சேர்க்கையைப் படிப்பவருக்கும் அதே கதை. மாறாக, ஆண்டெகைனஸ் என்கிற எலி போன்ற சிறு பைம்மாப் பிராணிக்கு (குட்டியைப் பையில் வளர்க்கும் வகை) ஆண்டின் நடுவில் வரும் குளிர்காலத்தில் இனப்பெருக்கம், அது முடிந்ததும் ஆண்கள் எல்லாம் செத்துப்போகும். அதைப் படிக்க பிப்ரவரித் தொடக்கம் கச்சிதம். பல பல்கலைக்கழகங்களில் ஜூலையிலும் சேரலாம், களஆய்வு செய்கிறவர்கள் அதைக் கட்டாயம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இதோடு அனுமதிகள். முதுகெலும்பிகளையும் ஆக்டோபஸ், கணவாய் வகைகளையும் வைத்து ஆய்வு செய்ய விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். தேசியப் பூங்காவில் கூண்டு வைக்க மாநில அனுமதி வேண்டும். இவை நீங்கள் சேருவதற்கு முன்பே சூப்பர்வைசர் கையில் இருந்தால் பிழைத்தீர்கள். "சேர்ந்த பிறகு விண்ணப்பித்துக்கொள்ளலாம்" என்றால் கிடைக்கும் ஐந்தாறு மாதத்தில் இரண்டு கழியும்.

மதிப்பெண். பெரும்பாலான இடங்களில் 80க்கு மேல் முதல் வகுப்பு, 75 முதல் 79 வரை இரண்டாம் வகுப்பின் முதல் பிரிவு. பிஎச்டி உதவித்தொகைப் போட்டியில் இந்த வித்தியாசம் பெரிது. ஆர்டிபி எனப்படும் மத்திய அரசின் ஆய்வுப் பயிற்சித் திட்டத்தின் அடிப்படை உதவித்தொகை 2025இல் 33,511 டாலர், முழுநேர மாணவருக்கு வரியில்லை, படிப்புக் கட்டணமும் கிடையாது. முதல் வகுப்பு இல்லாமல் அது கிடைப்பது அபூர்வம். ஒரே வருஷத்தின் ஒரே ஆய்வேட்டில் இவ்வளவு தொங்குவது நியாயமா என்று கேட்டால், இல்லை என்பேன். ஆனால் ஏற்பாடு அப்படித்தான் இருக்கிறது.

இன்னொன்று: ஆஸ்திரேலிய ஹானர்ஸ் முதல் வகுப்பு இங்கேயும் பிரிட்டனிலும் நேரே பிஎச்டிக்குப் போதும், அமெரிக்காவிலும் தடையில்லை. ஜெர்மனி, நெதர்லாந்து, சுவீடன் போன்ற ஐரோப்பிய நாடுகளில் பொதுவாக மாஸ்டர்ஸ் கேட்பார்கள். இந்தியாவுக்குத் திரும்பிக் கல்லூரியில் கற்பிக்க நினைப்பவருக்கும் ஹானர்ஸ் மட்டும் போதாது, முதுகலையோ பிஎச்டியோ வேண்டும்.

## கோர்ஸ்வொர்க் மாஸ்டர்ஸ்

ஒன்றரை முதல் இரண்டு வருஷம். பெரும்பாலும் வகுப்புகள், சிலவற்றில் ஒரு சிறு ஆய்வு. உயிர்தகவலியல் (உயிரியல் தரவைக் கணினியில் அலசுவது), பொதுச் சுகாதாரம், தொற்றுநோயியல், சுற்றுச்சூழல் மேலாண்மை என்று ஒரு குறிப்பிட்ட தொழிலை நோக்கிப் போகிறவருக்கு இது நேர்வழி. பயாலஜி படித்தும் லேப் பிடிக்கவில்லை, கணினி பிடித்திருக்கிறது என்பவர் ஹானர்ஸில் ஒரு வருஷம் பிப்பெட் பிடிப்பதைவிட உயிர்தகவலியல் மாஸ்டர்ஸுக்குப் போகலாம்.

பணத்தில்தான் அடி. பல மாஸ்டர்ஸ் படிப்புகளில் உள்ளூர் மாணவருக்கும் முழுக் கட்டணம், ஹானர்ஸின் பல மடங்கு. சிலவற்றில் மட்டும் அரசு உதவி இடம் உண்டு, அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடாதீர்கள். அரசின் நலத்திட்ட அமைப்பான சென்டர்லிங்க் தரும் உதவியிலும் இதே வேறுபாடு: ஹானர்ஸ் இளநிலைப் படிப்பின் கணக்கில் வருவதால் மாணவர் உதவிக்குப் பொதுவாகத் தகுதி உண்டு, மாஸ்டர்ஸில் அனுமதிக்கப்பட்ட பட்டியலில் உள்ளவற்றுக்கு மட்டும்.

பிஎச்டிதான் இலக்கு என்றால் கவனம். ஆய்வுப் பகுதி மிகச் சிறியதாக இருக்கும் மாஸ்டர்ஸை முடித்துவிட்டு பிஎச்டிக்கு விண்ணப்பித்தால், "உங்கள் ஆய்வு அனுபவம் எங்கே?" என்று கேட்பார்கள்.

## ஆய்வு மாஸ்டர்ஸ்

எம்ஃபில், எம்ரெஸ் என்ற பெயர்களில் வரும், ஏறக்குறைய இரண்டு வருஷம். மாக்குவாரி பல்கலைக்கழகம் ஹானர்ஸை எடுத்துவிட்டு எம்ரெஸையே பிஎச்டிக்கான பாதையாக வைத்தது. இரண்டு இனப்பெருக்கப் பருவம் தேவைப்படும் களஆய்வுக்கும், ஐரோப்பாவில் பிஎச்டி செய்ய நினைப்பவருக்கும், இளநிலை மதிப்பெண் கொஞ்சம் சுமாராக இருந்து திறமையைக் காட்ட அவகாசம் தேவைப்படுபவருக்கும் இது ஹானர்ஸைவிடப் பொருத்தம். மற்றவர்களுக்கு ஒரு வருஷம் கூடுதல், அவ்வளவுதான்.

## நேரே வேலை

இதை ஏதோ தோற்றவர்களின் வழி போலப் பேசுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. உணவுத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டு லேப், நீர்ப் பரிசோதனை, விதை நிறுவனம், ஆய்வுக்கூட உதவியாளர் வேலை எல்லாம் மூன்றாண்டுப் பட்டத்துக்கே கிடைக்கின்றன. ஒரு வருஷம் சம்பளத்தோடு லேப்பில் இருந்துவிட்டு, அப்புறமும் ஆராய்ச்சி ஆசை அடங்கவில்லையென்றால் ஹானர்ஸுக்கு வரலாம். அப்படி வருகிறவர்கள் நேரத்தைக் கையாளும் விதமே தனி. ஆனால் பட்டம் முடித்துச் சில ஆண்டுகளுக்குள் சேர வேண்டும் என்று சில இடங்களில் வரம்பு வைத்திருக்கிறார்கள், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹானர்ஸ் எங்கே வேலைக்கு உதவும்? பல்கலைக்கழக ஆய்வு உதவியாளர் விளம்பரங்களில் "ஹானர்ஸ் அல்லது இணையான அனுபவம்" என்று கேட்பது சகஜம். சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனங்களுக்கு, களத்தில் தனியாக நின்று கணக்கெடுத்து அறிக்கை எழுதியவர் வேண்டும், அங்கேயும் மதிப்பு உண்டு. எங்கே உதவாது? மருத்துவமனை நோயறி ஆய்வகத்தில் மருத்துவ விஞ்ஞானியாக வேண்டுமென்றால் அதற்கென அங்கீகரிக்கப்பட்ட படிப்பு கேட்பார்கள். பொதுவான பயாலஜி ஹானர்ஸில் முதல் வகுப்பு வாங்கினாலும் அந்தக் கதவு திறக்காது. பள்ளி ஆசிரியர் வேலைக்கும் பெரும்பாலும் இரண்டாண்டுக் கற்பித்தல் மாஸ்டர்ஸ்தான் வழி.

நம் வீடுகளில் இன்னொரு கணக்கும் ஓடும்: "மெடிசினுக்கு கேம்ஸாட் எழுதிக்கொண்டே ஹானர்ஸ் செய்துவிடட்டுமே." கேம்ஸாட் என்கிற மருத்துவப் படிப்பு நுழைவுத் தேர்வு மார்ச்சிலும் செப்டம்பரிலும் நடக்கிறது. செப்டம்பர் என்பது ஆய்வேட்டின் முடிவுகள் அத்தியாயம் எழுதும் மாதம். நேர்காணல்களும் அதை ஒட்டியே வரும். இரண்டையும் சமாளித்தவர்கள் உண்டு, ஆனால் மருத்துவம்தான் நிஜமான ஆசை என்றால் வேலைக்குப் போய்க்கொண்டு தேர்வெழுதுவது உடம்புக்கும் மனசுக்கும் நல்லது.

## விசாவில் படிப்பவர்களுக்கு

இவர்களுக்குக் கணக்கே வேறு. அரசு உதவி இடம் கிடையாது, முழுக் கட்டணம். மாணவர் விசாவில் வகுப்புக் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம். ஆய்வு மாஸ்டர்ஸ், பிஎச்டி மாணவர்களுக்கு இந்த வரம்பு இல்லை, ஹானர்ஸுக்கு உண்டு.

படித்த பிறகு தங்கி வேலை பார்க்கும் 485 விசாவில் இந்தியக் குடிமக்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது. இந்திய-ஆஸ்திரேலிய வர்த்தக ஒப்பந்தத்தின்படி அறிவியல், தொழில்நுட்பத் துறைகளில் முதல் வகுப்பு ஹானர்ஸ் வாங்கியவருக்கு மூன்று வருஷம் வரை, சாதாரண இளநிலைப் பட்டத்துக்கு இரண்டு வருஷம் வரை. மாஸ்டர்ஸுக்கும் மூன்றுதான். ஆகவே இங்கேயே இளநிலை படித்த இந்திய மாணவர் ஒரு வருஷ ஹானர்ஸில் மாஸ்டர்ஸுக்குச் சமமான காலத்தைப் பெற முடியும், ஆனால் முதல் வகுப்பு வந்தால் மட்டும்.

ஊரில் பி.எஸ்சி. முடித்துவிட்டு ஹானர்ஸுக்கு மட்டும் வர நினைப்பவர் ஜாக்கிரதை. 485க்கு இங்கே குறைந்தது இரண்டு கல்வியாண்டு படித்திருக்க வேண்டும். ஓராண்டு ஹானர்ஸ் மட்டும் அதை நிறைவு செய்யாது. இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன, விண்ணப்பிக்கும் வாரத்தில் உள்துறை இணையதளத்தை ஒருமுறை பாருங்கள்.

இலங்கையில் நான்காண்டு சிறப்புப் பட்டம் முடித்து, ஆய்வேடும் எழுதியிருப்பவர்கள் இங்கே வந்து மறுபடி ஹானர்ஸ் செய்யத் தேவையே இருக்காது. அது ஹானர்ஸ் நிலைப் பட்டம்தான். நேரே பிஎச்டி சூப்பர்வைசருக்கு எழுதிக் கேட்கலாம்.

## ஒரு பார்வையில்

| | ஹானர்ஸ் | கோர்ஸ்வொர்க் மாஸ்டர்ஸ் | ஆய்வு மாஸ்டர்ஸ் | நேரே வேலை |
|---|---|---|---|---|
| காலம் | 1 வருஷம் | 1½–2 வருஷம் | ஏறக்குறைய 2 வருஷம் | – |
| உள்ளூர் மாணவருக்குச் செலவு | குறைவு | பெரும்பாலும் அதிகம் | கட்டண விலக்கு கிடைக்கலாம் | வருமானம் |
| இங்கே பிஎச்டிக்கு | முதல் வகுப்பு வந்தால் நேர்வழி | ஆய்வுப் பகுதி பெரிதாக இருந்தால் | நேர்வழி | பின்னர் ஹானர்ஸ் தேவை |
| ஐரோப்பிய பிஎச்டிக்கு | பல இடங்களில் போதாது | போதும் | போதும் | போதாது |
| பெரிய ஆபத்து | ஒரே ஆய்வேட்டில் எல்லாம் | கடன் | நீண்டுபோவது | திரும்பி வராமலே போவது |
| யாருக்கு | ஆராய்ச்சியைச் சோதிக்க விரும்புபவர் | தொழில் தெளிவாக இருப்பவர் | அவகாசம் வேண்டுபவர் | களைத்தவர், பணம் தேவைப்படுபவர் |

## சூப்பர்வைசர்

தலைப்பைப் பார்த்து ஹானர்ஸ் தேர்ந்தெடுக்கிறவர்கள் அதிகம். சுறா, புற்றுநோய், கிரிஸ்பர் (ஜீனைத் திருத்தும் முறை) என்றால் வரிசை கட்டி நிற்கிறார்கள். பாசி பற்றிய ஆய்வுக்கு ஆள் இல்லை. பாசி லேப்பில் வாரம் ஒருமுறை உட்கார்ந்து தரவைப் பார்க்கும் சூப்பர்வைசர் இருந்து, சுறா லேப்பில் வருஷத்தில் பாதி வெளிநாட்டில் இருப்பவர் இருந்தால், நான் கண்ணை மூடிக்கொண்டு பாசிக்குப் போகச் சொல்வேன். எட்டொன்பது மாதத்தில் முடிக்க வேண்டிய வேலையில் ஒரு மின்னஞ்சல் பதிலுக்கு மூன்று வாரம் காத்திருக்க முடியாது.

ஆகஸ்ட், செப்டம்பரிலேயே நாலைந்து பேருக்கு எழுதுங்கள். அவர்களுடைய சமீபத்திய கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு எழுதுங்கள். நேரில் பார்க்கும்போது இவற்றைக் கேளுங்கள்: போன ஹானர்ஸ் மாணவர் இப்போது எங்கே இருக்கிறார்? நெறிமுறை ஒப்புதல் கையில் இருக்கிறதா? திட்டத்தில் எந்தப் பகுதி நிச்சயம் தரவு தரும், எந்தப் பகுதி சூதாட்டம்? தினமும் லேப்பில் எனக்கு யார் சொல்லிக்கொடுப்பார்கள், நீங்களா, போஸ்ட்டாக்கா (பிஎச்டி முடித்து லேப்பில் இருக்கும் ஆய்வாளரா)? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பெயர் சொல்லிப் பதில் வர வேண்டும். "எல்லாரும் உதவுவார்கள்" என்றால் யாரும் உதவப்போவதில்லை.

அங்கிருந்து கிளம்பும்போது லேப்பில் இருக்கும் பிஎச்டி மாணவர் ஒருவரைத் தனியாக காபிக்குக் கூப்பிடுங்கள். சூப்பர்வைசர் ஆய்வேட்டு வரைவைத் திருத்திக் கொடுக்க எவ்வளவு நாள் எடுத்துக்கொள்கிறார் என்று கேளுங்கள். ஒரு வாரம் என்றால் சேரலாம். அவர் பதில் சொல்லாமல் சிரித்தால், பட்டியலில் அடுத்த பெயருக்குப் போங்கள்.